இருபது கிலோவுக்கு ஒரு மோட்டார்

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று போனில் வீடியோ போடுகிறவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை இலக்கம் காட்டும், ரேஞ்சைத் தானே மாற்றிக்கொள்ளுமா, இப்படி. தகரக் கூரையில் மழை கொட்டும்போது வயர் ஒட்டியிருக்கிறது என்று சொல்லும் அதன் 'பீப்' காதில் விழுமா என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அவர்களுக்கெல்லாம் காங்கிரீட் வீடு போலிருக்கிறது.

எனக்குத் தகரக் கூரைதான். நீலகிரியில் கேத்திக்கு மேலே, ரோட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிகிற வீடு. வீட்டுக்குக் கீழே அரை ஏக்கர் தேயிலை. நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் ஆள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. ஓய்ந்த நேரத்தில் ரோபோ செய்வேன். ஐம்பத்தொரு வயதுக்காரன் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அது பழகிவிட்டது.

ரோபோ என்றால் கைகால் முளைத்து நடக்கிற சமாச்சாரம் இல்லை. தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேலேயே ஓடும் சின்ன வண்டி. சுவர் வந்தால் நின்று திரும்பும் வண்டி. நாலு சக்கரம், இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் மோட்டார், ஒரு போர்டு, ஒரு பாட்டரி. எங்கள் வீட்டுத் தரையில் அவை நேராக ஓடியதே கிடையாது. சமையலறையில் விட்டால் வாசல் பக்கம் சாயும். கட்டின கொத்தனார் மட்டம் பார்த்த லட்சணம் அப்படி. ஒரு பக்கத்து மோட்டாருக்குக் கொஞ்சம் வேகம் கூட்டி நான் சரிக்கட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவி அதைத் தாண்டித் தாண்டி வேலை செய்வாள்.

"பொம்ம வண்டி ஓட்டுனது போதுமுங்க, தண்ணி வந்துருச்சு, போயிப் புடிச்சு வைங்க" என்பாள்.

முதல் மீட்டரைக் குன்னூர் பஜாரில் பல்பும் வயரும் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். மஞ்சள் நிறம், உள்ளங்கையளவு. அதற்கு ஒரு குணம் உண்டு. தன் வயிற்றில் இருக்கும் பாட்டரி தீரத் தீர, மற்ற பாட்டரிகளையெல்லாம் உசத்திக் காட்டும். செத்துப்போன பாட்டரியைப் பதின்மூன்று வோல்ட் என்று சத்தியம் செய்யும். அதை நம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல மோட்டார்களைக் கெட்டவை என்று கழற்றிப் போட்டேன். மூன்றாவது ஞாயிறு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பதற்காகச் சிவப்பு வயரைத் தப்பான துளையில் செருகினேன். உள்ளே ஃபியூஸ் போயிற்று. அரை விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கண்ணாடிக் குழாய் குன்னூரிலும் கிடைக்கவில்லை, ஊட்டியிலும் கிடைக்கவில்லை. புது மீட்டரே வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள் இரண்டு ஊரிலும்.

அதோடு விட்டிருப்பேன். அந்த வருடம் ஆடி மாதம் மனைவியின் வலது தோள் முடங்கிப்போகாமல் இருந்திருந்தால், மோட்டார் என்றும் மீட்டர் என்றும் இத்தனை அலைச்சல் எனக்கு வந்திருக்காது.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை பதினொரு மணி வாக்கில் ஃபேக்டரி லாரி ரோட்டோரமாக ஒவ்வொரு நிறுத்தமாக வரும். சின்னத் தோட்டக்காரர்கள் பறித்த இலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். லாரியின் பின்பக்கக் கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, சாக்கை மாட்டி, முள் காட்டுவதைப் பார்த்து நான் நோட்டில் எழுத வேண்டும். காட்டுவதை அப்படியே எழுதக்கூடாது. சாக்குக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து வருமே, அதற்கும் கழிவு உண்டு. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளங்கை எவ்வளவு நனைகிறதோ அதை வைத்து இரண்டோ மூன்றோ நாலோ. தராசு இருபத்தைந்து காட்டினால் நோட்டில் இருபத்தொன்று விழும். முணுமுணுப்பார்கள், சண்டைக்கு வர மாட்டார்கள். எனக்கு அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. முள்ளைப் பார்க்கும்போதே கழித்த எண்தான் கண்ணில் படும்.

என் மனைவியும் எங்கள் இலையை அதே லாரிக்குத்தான் கொண்டுவருவாள். அவளுடைய சாக்கில் மட்டும் எல்லோருக்கும் கழிப்பதைவிட ஒரு கிலோ கூடுதலாகக் கழிப்பேன். பெண்டாட்டி இலைக்குச் சலுகை காட்டுகிறான் என்று எவனும் வாயைத் திறந்துவிடக் கூடாது பாருங்கள். அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை என் நேர்மை என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் தடம் மொத்தம் நூற்றைம்பது அடி நீளம் இருக்கும். கேட்பதற்குச் சின்னத் தூரம். ஏறிப் பார்த்தால் தெரியும். முட்டி நெஞ்சில் இடிக்கிற ஏற்றம். சாக்கைத் தலையில் வைத்து, வலது கையால் பிடித்துக்கொண்டு, பதினேழு வருடமாக அவள் அதில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் மேலே லாரியில் இருப்பேன், கையில் நோட்டோடு. கூலிக்கு ஆள் கிடையாது, இருந்தவர்களெல்லாம் திருப்பூருக்கு இறங்கிப் போய்விட்டார்கள். லீவு போட்டு நான் தூக்கியிருக்கலாமா என்றால், சில நாளாவது தூக்கியிருக்கலாம்தான். தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடியில் ஒருநாள் அவளால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. குன்னூரில் எலும்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தோளில் நார் பாதி கிழிந்திருக்கிறது, இனி எடை தூக்கினால் முழுசாக அறுந்துவிடும், அதற்கப்புறம் இந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் வராது என்றார். அவள் டாக்டரைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"தோட்டத்தக் குத்தகைக்கு உட்டுறலாம் புள்ள."

"உட்டுட்டு நான் என்னுங்க பண்றது?"

"சும்மா இரு. ஒடம்பப் பாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெலிங்டன் தாண்டியபிறகுதான் பதில் வந்தது.

"அது ஒண்ணுதானுங்க எனக்குன்னு இருக்கறது. அதையும் உட்டுட்டு ஊட்டுக்குள்ள குக்கிக்கெடந்தா, கை இருந்தா என்ன போனா என்னுங்க?"

அந்த அரை ஏக்கரில் பாதிச் செடி அவள் நட்டது. காய்ந்துபோன இடங்களில் ஒவ்வொன்றாக நாற்று வைத்துத் தேற்றியது. நான் தினமும் ஊரார் இலையை எடை போட்டுக்கொண்டிருந்தேனே தவிர எங்கள் தோட்டத்துக்குள் கால் வைத்து மாதக்கணக்காகியிருந்தது. குத்தகைப் பேச்சை விட்டேன். ஒரு வண்டி செய்து தருகிறேன், ரிமோட்டை அமுக்கினால் சாக்கை ஏற்றிக்கொண்டு அதுவே ஏறும் என்றேன்.

"பொம்ம வண்டிங்களா?" என்றாள். பஸ்ஸில் அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மோட்டார் தேடிய கதை தனி. விளையாட்டு வண்டிக்கு மோட்டார் வேண்டுமென்றால் போனில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். சாக்கு தூக்க வேண்டுமென்றால் உலகமே வேறு. அங்கே கிலோ-சென்டிமீட்டர் என்று ஒரு அளவு போட்டிருப்பார்கள். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எத்தனை கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் என்பது அதன் பொருள். எனக்கு அது புரியவே ஒரு வாரம் ஆயிற்று. படத்தில் தேங்காய் அளவு தெரிந்த ஜோடி ஒன்றை வரவழைத்தேன். கூரியர்காரர் குன்னூரிலிருந்து கூப்பிட்டு, "மிஸ்ட்டா இருக்குதுங்க, அங்கெல்லாம் வர முடியாது, நீங்களே வந்து வாங்கிக்கங்க" என்றார். போய் வாங்கிப் பிரித்தால் உள்ளே கட்டைவிரல் அளவில் இரண்டு மோட்டார். படம் எடுத்தவன் கெட்டிக்காரன். திருப்பி அனுப்ப அலைவதற்குத் தெம்பில்லாமல் அலமாரியில் போட்டேன், இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

அப்புறம் ஒருநாள் லீவு போட்டுக் கோயமுத்தூர் இறங்கினேன். பழைய இரும்புக் கடைகளில் லாரி வைப்பர் மோட்டார் கிடைக்கும் என்று எங்கள் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். கிடைத்தது. கண்ணாடி துடைத்து ஓய்ந்துபோன மோட்டார்கள், எண்ணெயும் புழுதியுமாக ஒரு டிரம் நிறைய. அந்த வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தேன். சுற்றின. ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சுற்றியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இரட்டைப் பிள்ளைபோல இரண்டு வேண்டும், அந்த டிரம்மில் அண்ணன் தம்பிகூட இல்லை. சட்டை முழுக்கக் கறையோடு மலையேறி வந்தேன்.

கடைசியில் அந்த எலக்ட்ரீஷியன்தான் கோயமுத்தூரில் மோட்டார் மட்டுமே விற்கிற ஒரு கடையின் நம்பரைக் கொடுத்தார். கடைக்காரர் நிதானமான மனிதர். போனில் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஏற்றம் எப்புடிங்க இருக்கும்?"

சொன்னேன்.

"லோடு எத்தன கிலோங்க?"

"இருவது கிலோங்க."

யோசிக்கவே இல்லை. நோட்டைப் புரட்டி அவளுடைய கணக்கைப் போன வருடம் முழுக்கப் பார்த்திருந்தேன். பதினெட்டு, இருபது, பத்தொன்பது, இருபது, என்றைக்காவது இருபத்தொன்று.

"கொஞ்சம் கூடச் சேத்தி வெச்சுக்கலாமுங்களா? அளவு தெரியாமச் சொல்லிட்டு அப்பறம் நின்னுபோச்சும்பாங்க."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இருவத்திரண்டு வருசமா எட போடறவனுங்க நான். இருவதுன்னா இருவதுதான்" என்றேன்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபது கிலோவும் வண்டியின் எடையும் சேர்ந்தால் இந்த அளவு மோட்டார் சரியாகத் தாங்கும், உள்ளே பல்சக்கரம் மட்டும் நைலான், இரும்புப் பல்சக்கரம் போட்ட பெரியது வேண்டுமென்றால் ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதம் காத்திருக்க எனக்கு மனமில்லை. டாக்டர் சொன்னதையும் மீறி அவள் சாக்கை இரண்டாகப் பிரித்து, இடது தோளில் வைத்து, இரண்டு நடையாக ஏறிக்கொண்டிருந்தாள். நைலானே போதும் என்றேன்.

அதே பார்சலில் ஒரு நல்ல மீட்டரும் போட்டுவிடச் சொன்னேன். நாலு வகை இருக்கிறது, எது வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து இங்கே மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அவர் பேசுவதே எனக்குப் பாதிதான் கேட்டது. சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"ஏனுங்க, ஒவ்வொண்ணா பீப் அடிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் சிரித்தபடியே ஒவ்வொரு மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்து அடித்துக் காட்டினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். முதலாவது கேட்கவில்லை. இரண்டாவது கொசு பறப்பதுபோல. மூன்றாவது அடித்ததும் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னுங்க அது, குக்கர் கூவற மாதிரி?"

மூன்றாவதையே அனுப்பச் சொன்னேன். பத்து ஆம்பியருக்கு ஃபியூஸும், மிஸ்ட்டில் பார்க்கத் திரைக்குப் பின்னால் வெளிச்சமும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, என் வீட்டுக்குள் கேட்கிற குரல் அதற்குத்தான் இருந்தது.

பார்சலை ஊட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை எனக்கு அனுப்பினார். எங்கள் பக்கத்தில் எல்லாச் சாமானும் இப்படித்தான் ஏறி வரும். பத்தரைக்கு வர வேண்டிய பஸ், பர்லியாரில் மரம் விழுந்து இரண்டு மணிக்கு வந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று டீ குடித்துவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து பார்சலை இழுத்துக் கொடுத்தபோது மோட்டார் சூடாக இருந்தது, இன்ஜின் பக்கம் வைத்திருந்தார்கள். கையில் வாங்கியதும் ஏனோ கண் கலங்கிவிட்டது. அலைந்த களைப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வண்டியைச் செய்து முடிக்க ஆவணி முழுக்க ஆயிற்று. பழைய கட்டில் சட்டத்தை வெட்டி அடித்தளம், தள்ளுவண்டிச் சக்கரம் நாலு, ஸ்கூட்டர் பாட்டரி ஒன்று. ஃபேக்டரி வேலை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் உட்காருவேன். முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் உண்டு. புது மீட்டர் குக்கர்போலக் கூவிக் கூவி எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது. தனக்கு வேண்டிய ஒரு சாமான் இப்படி மெதுவாக வளர்வதை அவள் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மட்டும், "ஒரு கவுறும் ராட்டினமும் கட்டியிருந்தா ஆகாதுங்களா?" என்று கேட்டாள். ஆகியிருக்கும். தடம் நடுவில் திரும்புகிறது, கயிறு பாறையில் உரசும் என்று நான் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு வண்டிதான் செய்ய வேண்டும் என்றிருந்தது.

புரட்டாசியில் மழை விட்டிருந்தது. ஒரு சாக்கில் மண் நிரப்பி, ஃபேக்டரித் தராசில் மாட்டிச் சரியாக இருபது கிலோ ஆக்கினேன். பாட்டரி வயரின் நடுவில் மீட்டரைக் கோத்து, வண்டியின் மேலேயே டேப் போட்டு ஒட்டினேன். ரிமோட்டை அமுக்கியதும் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. மீட்டர் ஏழு ஆம்பியர் காட்டியது, திருப்பத்தில் ஏழரை. மேலே போய் நின்றதும் அவள் என்னைப் பார்க்காமல் வண்டியின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். மாட்டைத் தட்டுகிற மாதிரி.

பதினொரு நாள் அது ஓடியது. அந்தப் பதினொரு நாளும் காய்ந்த நாள். அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு ஏறி வருவதை நான் லாரியில் இருந்து பார்ப்பேன். பதினேழு வருடத்தில் அவள் தலையில் ஒன்றும் இல்லாமல் அந்தத் தடத்தில் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. எத்தனை நெட்டையானவள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. நான் கொஞ்சம் பயந்து, முதல் மழைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். மீட்டரை மறுபடி கோத்து ஒட்டினேன். அவள் பறித்த இலையைச் சாக்கில் அழுத்திக் கட்டி, இருவரும் சேர்ந்து வண்டியில் ஏற்றினோம். நான் ரிமோட்டை அமுக்கினேன்.

வண்டி நகர்ந்தது, ஆனால் பழைய மாதிரி முனகவில்லை, அழுதது. திரையில் எட்டரை. ஒன்பது. திருப்பத்துக்கு வந்தபோது பத்தைத் தாண்டியது. உடனே எல்லாம் நின்றது, திரையில் பூஜ்யம். மீட்டரின் ஃபியூஸ் போய்விட்டது. எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் கவலை வரவில்லை. மீட்டர்தானே போயிற்று, மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். மீட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வயரை நேராகச் சேர்த்து முறுக்கினேன். வாய் திறந்து சொன்ன ஒரே சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ரிமோட்டை அழுத்திப் பிடித்தேன்.

உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. நைலான் பற்கள் வரிசையாக வழித்துக்கொண்டு போகிற சத்தம் என்று அப்புறம் திறந்து பார்த்தபோது தெரிந்தது. பிடிமானம் போன வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். விலகியிருக்கலாம். இலை கொட்டிவிடுமே என்று வலது கையை நீட்டித் தடுத்தாள்.

வண்டி நின்றது. அவளிடமிருந்து பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. "ம்" என்று ஒன்று மட்டும் வந்தது. கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய்த் தொட்டபோது, "தொடாதீங்க" என்றாள். அப்புறம், "லாரி வந்துரும், மொதல்ல அதத் தூக்குங்க" என்றாள். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சாக்கை என் தலையில் ஏற்றினேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எத்தனையோ ஆயிரம் சாக்கைக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன், அது தூக்குவதில் சேர்த்தி இல்லை. நாலு எட்டு வைப்பதற்குள் சாக்கிலிருந்து தண்ணீர் கழுத்தில் இறங்கி, முதுகுப் பள்ளத்தில் ஓடி, கால்சட்டைக்குள் போயிற்று. கழுத்தெலும்பு உள்ளே இறங்குவதுபோல இருந்தது. திருப்பத்தில் ஒரு தடவை, ரோட்டுக்குப் பத்தடி முன்னால் ஒரு தடவை நின்றேன். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள்.

மேலே லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர்தான் எடை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நல்லதாப் போச்சுங்க, நீங்களே எழுதீருங்க" என்று நோட்டை நீட்டினார். சாக்கைக் கொக்கியில் மாட்டினேன். முள் இருபத்தேழில் நின்றது. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு நாலு, வழக்கமான அந்த ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டே, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் பெயருக்கு நேராக இருபத்தொன்று என்று எழுதினேன்.

அவள் பக்கத்தில் நின்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்தேழு காட்டுச்சுங்க" என்றாள்.

"அது ஈரம், சாக்கு எல்லாஞ் சேத்தி..."

"அது தெரியுமுங்க." கோபமே இல்லாத குரல். களைத்துப்போன குரல்தான். "மிச்சம் ஆறு கிலோவயும் இப்ப நீங்கதான தூக்கியாந்தீங்க?"

டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். கடைக்காரரிடம் அத்தனை ரோஷமாகச் சொன்ன இருபது, நோட்டில் இருந்த இருபது. மோட்டாருக்குக் கழிவு கிடையாது. சாக்கையும் தண்ணீரையும் ஊர் வாய்க்குப் பயந்து நான் கழித்த ஒரு கிலோவையும் சேர்த்துத்தான் அது தூக்கியாக வேண்டும். ஏழு ஆம்பியர், பத்து ஆம்பியர் என்று மீட்டர் எனக்குச் சொன்னதும் அதைத்தான். பதினேழு வருடமாக அவள் தோள் சொன்னதும் அதேதான். மீட்டராவது ஃபியூஸ் போய் வாயை மூடிக்கொண்டது.

அன்று மத்தியானமே டாக்டரிடம் போனோம். பாதி கிழிந்திருந்தது இன்னும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, முழுசாக அறவில்லை என்றார். கையைத் துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் அசைக்கக் கூடாது, அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். கை மேலே வருமா என்று கேட்டேன். அப்புறம்தான் சொல்ல முடியும் என்று திரும்பவும் சொன்னார்.

ஃபேக்டரியில் பேசி, காலையில் அரை மணி நேரம் தாமதமாக லாரி ஏற ஒப்புதல் வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து இலை பறித்துக் கொடுக்கிறார். இப்போது சாக்கைத் தூக்குவது நான். தினமும் திருப்பத்தில் ஒரு தடவை நிற்கிறேன். தினமும் கழுத்து வலிக்கிறது. இந்த வயதில் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

நாலாவது நாள் கோயமுத்தூர்க் கடைக்குப் போன் செய்தேன். இரும்புப் பல்சக்கரம் போட்ட பெரிய மோட்டார் இரண்டு வேண்டும், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை என்றேன். நின்றுபோய்விட்டதா என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. அவர் கேட்கவில்லை.

"லோடு எத்தன கிலோங்க?" என்றார், போன தடவை மாதிரியே.

நான் வாயைத் திறந்தேன். பழக்கத்தில் இருபது நாக்கு நுனிவரை வந்து நின்றது. போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன். அடுப்போரம் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

"மழ நாள்ல இருவத்தேழு வருமுங்க. சில நாளைக்கு இருவத்தெட்டு." கொஞ்சம் யோசித்தாள். "எறக்கி வெச்ச பொறகும் ரெண்டு கிலோ கழுத்துலயே நிக்குமுங்க, பொழுது சாயற வரைக்கும். அதையுஞ் சேத்திச் சொல்லோணுங்களா?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"முப்பதுன்னே வெச்சுக்கலாமுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் கிடந்த நோட்டில், லோடு முப்பது என்று எழுதினேன்.